ராணி வேடத்துக்குக் குடவோலை

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. உத்திரமேரூரில் ஒரு பயிற்சி மையத்தில், ஆங்கிலம் ஏற்கெனவே நன்றாகப் பேச வந்துவிட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆங்கிலக் கவிதையும் நாடகமும் சொல்லிக்கொடுத்தேன்.
2. சென்னையில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம், எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒரு நாடகம் போடுங்கள், முக்கிய வேடத்தில் பேசுகிறவரைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்றார்கள்.
3. அந்த வேடம் யாருக்கு என்பதைக் குடவோலை முறையில் தீர்மானிக்கலாம் என்று மையத்தின் உரிமையாளர் அறிவித்தார்.
4. ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து வந்த பெண்ணின் பெயர் வந்தது.
5. அது செல்லாது என்று ஆனது.
6. மறுபடியும் குடம் வைத்தார்கள். அவள் பெயரை அதில் போடவில்லை.
7. நாடகம் நடந்தது.

இந்த ஏழு விஷயங்களையும் யாரும் மறுப்பதில்லை. காரணம் கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. அங்கே ஒரு சர்க்யூட் போர்டு கெட்டு வந்தால் யார் செய்தது என்று முதலில் கேட்கக் கூடாது, எந்தக் கட்டத்தில் மாறியது என்று கேட்க வேண்டும். இதில் மாறிய கட்டம் ஐந்து.

எனக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலைவாய்ப்புத் தேர்வுப் புத்தகங்களுக்கு எப்போதும் அடிதடி. மூலையில் இருந்த தடித்த ஆங்கிலக் கவிதைத் தொகுப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் அதை ஒரு பருவம் முழுக்க நானே வைத்திருக்க முடிந்தது. இதைத் தவிர உயர்வான காரணம் எதுவும் இல்லை.

பயிற்சி மையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே இருந்தது. கடையும் மையமும் ஒரே ஆளுடையவை. செய்யாற்றுப் பக்கம் நிறைய நஞ்சை வைத்திருக்கும் குடும்பம். மாடிப்படி ஏறும்போதே யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த நெடி வரும். பேச்சு ஆங்கிலத்தில் முதல் நிலையும் இரண்டாம் நிலையும் முடித்தவர்கள் எட்டுப் பேர் என்னிடம் வந்தார்கள். பிழையில்லாமல் பேசுவார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள். எதைக் கேட்டாலும் நேர்முகத் தேர்வில் பதில் சொல்வதுபோலத் தோளை நிமிர்த்திக்கொண்டு, தன்னைப் பற்றிய நான்கு வாக்கியம். அதற்கு மேல் அந்த மொழியில் அவர்களுக்கு வீடு இல்லை. கோபம் வந்தால் தமிழ், சிரிப்பு வந்தால் தமிழ். அந்த இடத்தில்தான் கவிதை வேண்டும் என்று நினைத்தேன். உரிமையாளர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. "இந்த ஜில்லாவுலயே வேற எந்த சென்டர்லயும் இது கெடையாது மேடம். போர்டுல போட்டுக்கலாம்" என்றார்.

முதல் வகுப்பில் ஒரு பழைய பாட்டை எடுத்தேன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, கரையில் ஒரு பெண் காத்திருக்கிறாள். தாளைக் கையில் கொடுத்தவுடன் கூட்டுறவுச் சங்கத்தில் கணினி வேலை பார்க்கும் ஆள் கையைத் தூக்கினார்.

"மிஸ், இதுக்குக் கருத்து இன்னா?"

"இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலையே."

"கருத்த மொதல்ல சொல்லிட்டீங்கன்னா படிக்கத் தேவயே இருக்காது இல்ல, அதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எட்டுப் பேனாவும் கருத்தை எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தன. செய்யுள் என்றால் பொழிப்புரை, பொழிப்புரைக்குக் கீழே மையக்கருத்து. பள்ளியில் அப்படித்தான் எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பேனாக்களை மூடச் சொல்லி, பொருள் சொல்லாமல் மூன்று தடவை வாசித்தேன்.

"பாவம் மிஸ் அந்தப் பொம்பள. ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் அதே ஆள்.

"நடுக்கடல்ல டவரு உங்க மாமனார் வெச்சிக்கீறாரா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அதுதான் அவள். இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். அரசுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்தவள், அவர்கள் தெருவில் முதல் பட்டதாரி. வாலாஜாபாத் சாலையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. மூன்று வருடம் இலக்கியம் படித்தும் ஒரு கவிதையையாவது வாய்விட்டு வாசிக்க யாரும் சொன்னதில்லை என்றாள். அவளை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவருக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல வாசித்தாள். கீழே உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். குரல் பெரிது இல்லை. தூரம் போகிற குரல்.

"இப்படி வாசிக்க எங்கே பழகினே?" என்றேன்.

"அம்மன் கோயில் கூத்து கேட்டதுதான் அக்கா. எங்காளுங்க கடைசியிலதான் உக்காருவாங்க. அங்க வந்து சேர்ற குரலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். பழைய கவிதை நாம் பயப்படுகிற அளவு நமக்கு அந்நியம் இல்லை. வினைச்சொல்லைக் கடைசியில் தள்ளிப் போட்டிருக்கும் வரிகள் இங்கே யாரையும் தடுமாற வைக்கவில்லை. நாம் பேசுவதே அப்படித்தான். சந்தத்தைச் சொல்லிக்கொடுக்க நேர், நிரை என்று பள்ளியில் அசை பிரித்ததை நினைவூட்டினேன். பிறகு எலக்ட்ரானிக்ஸில் வரையும் சிக்னல் படம்போலப் பலகையில் தாழ்ந்தும் உயர்ந்தும் கோடு போட்டு, மேசையில் தட்டச் சொன்னேன். கூட்டுறவுச் சங்கத்துக்காரர் தட்டிவிட்டு, "மிஸ், வெள்ளக்காரன் சாவு மோளமாட்டம் கீது" என்றார். அது ஓர் இரங்கல் பாட்டு என்று பிறகுதான் சொன்னேன். அவர் தட்டிய கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

உரிமையாளரின் மகளும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. இருபத்திரண்டு வயது. இலக்கணத்தில் வகுப்பிலேயே அவள்தான் சுத்தம். குரல் முன்வரிசையைத் தாண்டாது. இருளர் பெண்ணுக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தாளில் வாசிப்பார்கள். கீழே கடையிலிருந்து தேநீர் வரும்போது மட்டும், ஒருத்திக்குக் கண்ணாடி டம்ளரிலும் ஒருத்திக்குக் காகிதக் கோப்பையிலும் வரும். மகள் தன் டம்ளரை அவளிடம் தள்ளிவிட்டுக் காகிதக் கோப்பையை எடுத்துக்கொள்வாள். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசியதில்லை.

சென்னை நிறுவனத்தின் அறிவிப்பு அப்போது வந்தது. ஒரு வருடம் இலவசப் பயிற்சி, தங்குமிடம், மாதா மாதம் உதவித்தொகை, முடித்தவுடன் பள்ளிகளில் ஆங்கில நாடகம் சொல்லிக்கொடுக்கும் வேலை. எங்கள் மையத்துக்கு ஒரே ஓர் இடம். எல்லாரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. அவளுக்கு பேக்கிங் பிரிவிலிருந்து வெளியே போகும் ஒரே வழி. அவளே அப்படிச் சொன்னாள். "இது வுட்டா நான் அட்டப் பொட்டி ஒட்டிகினே கெழவி ஆயிடுவேன் அக்கா."

நாடகத்தை நான் தேர்ந்தெடுத்தேன். சில நூறு வருடங்களுக்கு முந்தையது. ஆட்சியை இழந்த ஒரு ராணி, அரண்மனையை விட்டுப் போகும் நாள். பக்கம் பக்கமாகப் பேச வேண்டிய வேடம். குரல், தெளிவு, நினைவு, உணர்ச்சி என்று நான்கு தலைப்பில் மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கலாம் என்றேன். உரிமையாளர் தலையை ஆட்டினார்.

"மார்க் போட்டா சண்ட வரும் மேடம். நீ அவளுக்கு வேண்டியவ, இவளுக்கு வேண்டாதவம்பாங்க. நம்மூரு இன்னா ஊரு? உலகத்துக்கே எலெக்‌ஷன் கத்துக்குடுத்த ஊரு! கல்லுலயே வெட்டி வெச்சிக்கீறான். குடத்துல ஓலயப் போட்டு எடுப்போம். நியாயமும் ஆச்சி, வெளம்பரமும் ஆச்சி."

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மண்டபச் சுவரில் அந்த விதிகள் இன்றும் இருக்கின்றன. இந்த ஊரில் பிறந்தவர்களால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. எந்தப் பக்கமும் சாயாத ஒரு கருவி என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு அவர் உண்மையான பனையோலையே வரவழைத்திருந்தார். புது மண்குடம், வாயில் மஞ்சள் துணி. பெற்றோர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்திப் படம் எடுத்தார். உரம் வாங்க வந்த ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக் குடத்துக்குள் கையை விடச் சொன்னார்கள். அது ஓலையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கூட்டுறவுச் சங்கத்துக்காரர் பிடுங்கிப் பெயரைப் படித்தார். இருளர் பெண்ணின் பெயர்.

கைதட்டல் ஒரு கணம் தாமதித்து வந்தது. உரிமையாளரும் தட்டினார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததே. அடுத்த ஓலைகளில் மற்ற வேடங்கள். தோழி வேடம் அவர் மகளுக்கு வந்தது.

இருளர் பெண்ணின் அம்மா உள்ளே வராமல் மாடிப்படியிலேயே நின்றிருந்தார். நான் வெளியே போனதும், "இன்னாம்மா, என் பொண்ணுக்கு இன்னா வுழுந்துச்சி?" என்றார்.

"ராணி."

"அய்ய, ராணியா? வூட்ல ஒரு தட்டு எடுத்து வெக்க மாட்டா இவ. அதுக்குப் பொருத்தந்தான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அன்று நான் பார்த்த முழுமையான சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஒத்திகை நன்றாகப் போனது. நாடகத்தில் ஓரிடத்தில், ராணி வெறுங்காலோடு வெளியேற முடிவு செய்கிறாள். தோழி மண்டியிட்டு அவள் காலணியைக் கழற்ற வேண்டும். இரண்டு பேரும் முதல் தடவை சிரித்துவிட்டார்கள். நாலாவது தடவை சிரிக்கவில்லை. மகள் மண்டியிட்டு நாடாவை அவிழ்த்தாள், இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தன் வரிகளைச் சொன்னாள். யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்திருந்தார்கள். ஆசையாகத்தான் எடுத்திருப்பார்கள். அது வகுப்புக் குழுவிலிருந்து உரிமையாளரின் உறவினர்கள் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, வகுப்பு தொடங்குவதற்கு முன் உரிமையாளர் மேலே வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நாடகம்னா நாடகந்தான், எனக்குத் தெரியாதா? ஆனா பங்காளிங்க வாய யாரு மூடறது? காலீல இருந்து போனு. 'இன்னாப்பா, ஒம் பொண்ணு அந்தப் பொண்ணு கால்ல வுழுந்து செருப்பு கயட்டுதாமே'ன்றான். பேஜாரா பூடுச்சி."

"செருப்பு வேண்டாம். அந்த இடத்தை எடுத்துடறேன்" என்றேன்.

"எடுத்தா மட்டும்? மேல நிக்கறது யாரு, கீய நிக்கறது யாருன்னு பாக்க மாட்டானா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரும் வேஷத்த மாத்திக்கட்டும். அவ்ளோதான். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "ஓல எனக்குத்தான் சார் வந்துச்சி. நீங்கதான் வீடியோ எடுத்தீங்க."

"வந்துச்சிமா, இல்லன்னு சொல்லல. ஆனா பாரு, ஓலன்னா சும்மா எல்லாரு பேரும் போட்டுற மாட்டாங்க. கல்லுல இன்னா எய்திக்கீது தெரியுமா? வரி கட்டற நெலம் இருக்கணும். சொந்த மனையில வூடு இருக்கணும். அப்பதான் குடத்துல பேரு." சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க தெருவுக்குப் பட்டாவே வரலியே இன்னும்."

அவள் வீடு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. அவர்கள் பட்டாவுக்கு எத்தனை தடவை மனு கொடுத்தார்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் நிதானமாகப் பேசினாள். அந்த நிதானத்தை வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு விடுவது.

"அந்தக் கல்லு நானும் படிச்சிக்கீறேன் சார். முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கணும். உங்க பொண்ணுக்கு இருபத்திரண்டு. வேதம் ஓதத் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கல்லுப்படி பாத்தா இந்த ரூம்பு மொத்தத்துலயும் ஒரு ஓல கூட வராது. குடம் காலியாத்தான் இருக்கும்."

உரிமையாளரின் காது மடல்கள் சிவந்தன. மகள் மெதுவாக, "கரெக்டுதான்ப்பா" என்றாள். "நீ சும்மா இரு" என்றார். அப்போதுதான், அந்த நிமிடத்தில், விதி பிறந்தது. எழுதி வைத்த விதி இல்லை. அவர் வாயிலிருந்து அப்படியே வந்தது.

"சரி. கல்லு வேணாம். சென்டருக்குன்னு ஒரு ரூல்ஸ் கீது இல்ல? எல்லா வாரமும் வந்தவங்க பேருதான் குடத்துல. அது ஞாயம்தானே மேடம்?"

அவள் அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு வரவில்லை. கம்பெனியில் ஆர்டர் வந்தால் ஞாயிறும் வேலை, மறுத்தால் திங்கள்கிழமை கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு வாரப் பாடத்தையும் அவள் அடுத்த வாரமே முழுதாகச் சொன்னாள். இதை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியும் என்றார். மற்ற எல்லாரும் எல்லா வாரமும் வந்திருந்தார்களா என்று கேட்டேன். வந்திருந்தார்கள். விதி அவள் ஒருத்தியின் அளவுக்குச் சரியாக வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. அதில் பிசிறே இல்லை. தரக்கட்டுப்பாட்டில் எனக்கு இத்தனை வருட அனுபவம், இப்படிப் பொருந்துகிற ஒரு பாகத்தை நான் பார்த்ததில்லை.

நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். "வெலகுங்க. மெட்ராஸ்காரங்களுக்கு நாடகம் இல்லன்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணுக்கு இல்லாதது மத்த ஏழு பேருக்கும் இல்லாம போவட்டும்" என்றார். சென்னை நிறுவனத்தை நானே தொலைபேசியில் அழைத்து, மேடைக்கு வராத ஒரு பெண் இருக்கிறாள், அவளைத் தனியாக ஒரு முறை கேட்க முடியுமா என்று கேட்டேன். எதிர்முனையில் ஒரு மரியாதையான குரல். மையம் யாரை முன்னிறுத்துகிறதோ அவரைத்தான் பார்ப்போம், எல்லா ஊருக்கும் ஒரே நடைமுறை என்றது. நடைமுறை என்ற சொல்லை நானும் தினமும் அலுவலகத்தில் சொல்கிறேன். அதற்கு எதிரில் நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது குடத்துக்குக் கூட்டம் அழைக்கப்படவில்லை. படம் எடுக்கவில்லை. ஓலைகூட இல்லை, பழைய ரசீதின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினார்கள். அவள் வந்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். தான் இல்லாதபோது நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்தாளாம். கூட்டுறவுச் சங்கத்துக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் மூன்று பேரும் அப்படியே சொன்னார்கள். அது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தார்கள். அதனால் குடத்தில் பெயர்கள் குறைந்து, உரிமையாளரின் மகள் பெயர் வருவது சுலபமானது. வந்தது.

அவர் அதோடு விடவில்லை. தாராளமாக இருக்க விரும்பினார். "டயலாக் எல்லாம் அந்தப் பொண்ணுக்கு மனப்பாடம். மறைவுல நின்னு எடுத்துக்குடுக்கட்டும். அதுவும் ஒரு பங்குதானே?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னிடம்தான் சொன்னாள். "ஒளிஞ்சிகினு பேசறதுக்கு நான் வரல அக்கா."

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

நாடகம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கேசரியும் பொங்கலும் சாப்பிட்டார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மகள் ஒரு வரிகூடத் தவறவிடவில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் ஊளையிட்டது, குறைத்தால் அவள் குரல் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்தது. பெரிய வசனங்களைத் தேர்வுத்தாளில் எழுதுவதுபோல ஒரே வேகத்தில் சொல்லி முடித்தாள். காலணி கழற்றும் இடத்தை எடுத்துவிட்டிருந்தோம், அதனால் ராணி செருப்போடுதான் அரண்மனையை விட்டுப் போனாள். உறவினர்கள் பலமாகக் கைதட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர், ராணி அந்தக் கடைசிப் பேச்சை யாரிடம் பேசுகிறாள் என்று நினைக்கிறீர்கள் என்று மகளைக் கேட்டார். அவள் மையக்கருத்தைச் சொன்னாள்.

அவளையே எடுத்துக்கொண்டார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, மற்றதைப் பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேறு யாரை எடுப்பார்கள்? அவர்கள் முன்னால் நிறுத்தப்பட்டது அவள்தான்.

மறுநாள் பேருந்து நிலைய முனையில் அவள் படத்தோடு ஒரு பிளெக்ஸ் பேனர் வந்தது. அதற்கடுத்த வாரம், மகள் சேர்வதாகச் சென்னைக்கு எப்போது கடிதம் அனுப்புகிறீர்கள் என்று உரிமையாளரைக் கேட்டேன். அவர் கல்லாவில் இருந்தார்.

"இன்னா மேடம் நீங்க. கல்யாணத்துக்குக் கீற பொண்ண மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல வுடுவனா? பேரு வந்துச்சி இல்ல, அது போதும்."

"அப்போ அந்த இடம்?"

"அது அவங்க பாடு."

அன்றே சென்னைக்கு மறுபடியும் பேசினேன். அதே மரியாதையான குரல். தேர்வானவர் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஊர் மையத்துக்குப் போகும் என்றது. போனது.

மகள் ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. நானும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "எனக்கு அந்தத் தோழி பார்ட்டுதான் மிஸ் புடிச்சிருந்துச்சி" என்றாள். "மொத்தம் ரெண்டே வரி. அவள நிமிந்து பாத்துகினே சொல்லணும். அது எனக்கு நல்லா வந்துச்சி." காபியை முழுதாகக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல ஆசை. கொஞ்சம் இருக்கிறது.

மற்றவளைப் போன மாதம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். பச்சைச் சீருடை, தலையில் வலை, அடையாள அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அட்டையை வாயிலிருந்து எடுத்தாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது.

"எப்படி இருக்கே?"

"கீறேன் அக்கா. லைன் லீடர் ஆக்கிட்டாங்க. அதே வேல, கூட நாலு பேர வெரட்டணும்."

"படிக்கிறியா ஏதாவது?"

"இன்னாத்த படிக்க? இருக்கறதே போவ மாட்டேங்குது." சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்த நாடகம் மொத்தமும் ஞாபகத்துல கீது. ராணி, தோழி, காவக்காரன், எல்லாரு வரியும். டேப் ஒட்டும்போது தானா வருது. மறக்கணும்னு பாக்கறேன். ஒரே பேஜாரு. நீங்க கருத்த மட்டும் குடுத்திருந்தா இந்நேரம் மறந்து போயிருப்பேன் அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. குறை சொல்கிற தொனியும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது இருக்கும் நிலை இது. ஞாயிறு வகுப்பு இல்லை. மையத்தின் பெயர்ப்பலகையில் கவிதை, நாடகம் என்ற இரண்டு சொற்களும் இன்னும் இருக்கின்றன, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. உரிமையாளரின் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் பட்டா வரவில்லை. அவள் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். சென்னை நிறுவனம் அடுத்த வருடத்துக்கு இந்த ஊரைச் சேர்க்கவில்லை.